அரசிழந்த பின் முப்பத்தாறு ஆண்டுகள்

மைசூரில் குடியேறிய தமிழர்களுள் நஞ்சன்கூட்டுக்கு ஒருமுறையேனும் சென்று வாராதவர் இரார். கபிலை என்றும் கபினி என்றும் வழங்கும் ஆற்றின் கரையில், குண்டலு ஆறு அதனோடு கூடும் இடத்தில் அவ்வூர் அமைந்துள்ளது. மொழி பெயர்க்க வேண்டாத ஊர்ப் பெயர்கள் கன்னட நாட்டில் நமக்கு மிகச் சிலவே. அவற்றுள் இதுவும் ஒன்று. நஞ்சு அவர்களுக்கும் நஞ்சுதான், நமக்கும் நஞ்சுதான். அதனை உண்டு உலகைக் காத்தவன் இரு மொழியினர்க்கும் நஞ்சுண்டவனே.

நம் சங்கத்தின் ஆண்டு விழா மலர்க் குழுவினர் இவ்வாண்டு நமக்கு ஒரு பொருளைக் குறித்துக் கொடுத்தனர். வாழ்க்கையின் பிற்பகுதியில் நேரும் மாறுதல்களை முன்னரே எண்ணிப் பார்த்து நன்கு வாழ்வது எப்படி என்பதே அது. முதியோர் பலர் நிறைந்த சங்கத்துக்கு ஏற்ற பொருள்தான். ஆயினும் அறவுரை கூறும் வயதும் தகுதியும் நமக்கு உண்டா என்ற ஐயம் எழுந்தது. ஆகவே அறவுரையை விடுத்து வரலாற்றைக் கைக்கொண்டோம். நஞ்சன்கூட்டுக் கோயிலில் கைகூப்பி நிற்கும் ஒருவரின் கதையைக் கூற முற்படுகிறோம்.

கோயிலின் கோபுரத்தை அண்ணாந்து பார்த்திருப்பீர்கள். சுமார் 120 அடி உயரம் உள்ளது. உள்ளே திருச்சுற்றில் அறுபத்துமூவர் திருவுருவங்கள் வரிசையாக நிற்கின்றன. சோழ நாட்டிலும் தொண்டை நாட்டிலும் பாண்டி நாட்டிலும் பிறந்து வாழ்ந்த நம் நாயன்மார்களைக் காவிரியின் தலைப்பக்கத்தில், கன்னடப் பெயர்ப் பலகைகளுக்கிடையே காணும்போது, ஊர்விட்டு வந்தவர் நாம் மட்டுமல்லர் என்ற எண்ணம் தோன்றாமல் இராது. எண்பத்தொரு வயது வரை வாழ்ந்ததாக மரபு கூறும் அப்பர் பெருமானும் அங்கே உழவாரப் படையோடு நிற்கிறார். நாம் கூற வந்தது அவரைப் பற்றியன்று. அதே கோயிலில், அரசியர் உடன் நிற்க, வணங்கிய கையினராய் ஓர் அரசரின் சிலை இருக்கிறது. மும்மடி கிருஷ்ணராஜ உடையார் அவர். கோபுரமும் அவர் காலத்தது; அவருடைய அரசி தேவாஜம்மண்ணி எழுப்பியது.

அடியார்களோடு அடியாராகத் தம்மை நிறுத்திக்கொண்ட அவ்வரசரின் வாழ்வை ஆண்டுக் கணக்காகப் பார்த்தால் ஒரு வியப்புத் தோன்றும். அவர் பிறந்தது 1794ஆம் ஆண்டு ஜூலை 14. ஆட்சி அவர் கையை விட்டுப் போனது 1831ஆம் ஆண்டு அக்டோபர். அப்போது அவருக்கு வயது முப்பத்தேழு. மறைந்தது 1868ஆம் ஆண்டு மார்ச் 27, எழுபத்து மூன்று வயதில். வாழ்வின் முற்பாதி அரசராகவும், பிற்பாதி ஆட்சியில்லாத அரசராகவும் கழிந்தது. தராசில் இட்டு நிறுத்தது போன்ற இரு பாதிகள். முற்பாதியில் அவர் செய்தவற்றுள் பல மறைந்தொழிந்தன. பிற்பாதியில் செய்தவையே இன்றும் நின்று நிலவுகின்றன. இதைத்தான் நாம் சற்று விரித்துரைக்க விரும்புகிறோம்.

அரசு அவருக்குக் கிடைத்ததே ஒரு மூதாட்டியின் முன்யோசனையால். திப்பு சுல்தான் 1799ஆம் ஆண்டு மே 4ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் வீழ்ந்தார். அடுத்த மாதம் 30ஆம் நாள், ஐந்து வயதே நிரம்பாத கிருஷ்ணராஜருக்கு மைசூரில் பந்தலிட்டு முடிசூட்டினர். பழைய அரண்மனை இடிக்கப்பட்டிருந்ததால் பந்தல்தான் கொலுமண்டபம். இரண்டு மாதத்தில் நடந்ததாகத் தோன்றும் இந்நிகழ்ச்சிக்குப் பின்னால் பல ஆண்டுக் காலக் காத்திருப்பு இருந்தது. பாட்டியாராகிய இலட்சுமி அம்மண்ணி, ஐதர் அலியின் காலத்திலேயே கம்பெனியாரிடம் தூது அனுப்பத் தொடங்கியவர். அவர் பொருட்டுத் திருமலை ராவ் என்பவர் நம் தஞ்சாவூரில் இருந்துகொண்டு, 1782ஆம் ஆண்டு கம்பெனியின் அதிகாரி சல்லிவனோடு ஓர் உடன்படிக்கையே செய்து முடித்தார். அது உடனே பயன் தரவில்லை. பதினேழு ஆண்டு கழித்துத் தந்தது. அம்மூதாட்டி 1810இல் மறைந்தார்.

இளைய மன்னருக்காக ஆட்சியை நடத்தியவர் திவான் பூர்ணையா. அவரும் தமிழ் நாட்டு மண்ணில், கொங்கு நாட்டுப் பக்கத்துத் திருக்காம்பூரில் பிறந்தவரே. ஐதர், திப்பு, உடையார் என மூன்று ஆட்சிகளில் ஒரே கணக்குப் புத்தகத்தை விடாது எழுதிய மனிதர் அவர். ஒருவர் வீழ்ந்தபோது அடுத்தவருக்கு இன்றியமையாதவராக இருக்கும்படி தம்மை வைத்துக்கொண்டவர். தம் முதுமைக்கும் அவர் வழிசெய்துகொண்டார்: 1807இல் ஏளந்தூர் அவருக்கும் அவர் சந்ததிக்கும் ஜாகீராக அளிக்கப்பட்டது. 1811ஆம் ஆண்டின் இறுதியில் நிறைந்த கருவூலத்தோடு ஆட்சியை மன்னரிடம் ஒப்புவித்தார். அடுத்த ஆண்டு மார்ச்சு மாதமே ஸ்ரீரங்கப்பட்டணத்தில் உயிர் நீத்தார். ஓய்வு என்பது அவருக்குச் சில மாதங்களே. ஓய்வுக்கென வகுத்த ஏற்பாடு மட்டும் பல தலைமுறைக்கு நின்றது.

பதினேழு வயது இளைஞர் கையில் நிறைந்த கருவூலம்! பின் நடந்ததை ஊகிப்பது கடினமன்று. மன்னர் கொடையாளர்; கேட்டவர்க்கு இல்லை என்னார். கலைஞரும் புலவரும் அர்ச்சகரும் உறவினரும் சூழ்ந்தனர். இருபது ஆண்டுக்குள் கருவூலம் கரைந்தது, கடன் ஏறியது, படையினர் சம்பளம் பாக்கி நின்றது, வரி வசூலைக் குத்தகைக்கு விட்டதால் குடிகள் நொந்தனர். 1830இல் நகர் பகுதியில் குடிகள் கிளர்ந்தெழுந்தனர். 1831 அக்டோபரில் கவர்னர் ஜெனரல் பென்டிங்க் பிரபு, 1799ஆம் ஆண்டு உடன்படிக்கையின் ஒரு பிரிவைக் காட்டி, ஆட்சிப் பொறுப்பைக் கம்பெனியின் கையில் எடுத்துக்கொண்டார். மன்னர் மேல் சாட்டிய குற்றங்களுள் பல மிகைப்படுத்தப்பட்டவை என்று பின்னர் விசாரித்த குழு கண்டது. பென்டிங்க் பிரபுவே மனம் வருந்தி, 1834இல் நாட்டின் ஒரு பகுதியையேனும் மன்னரிடம் திருப்பித் தரலாம் எனப் பரிந்துரைத்தார். லண்டனிலிருந்த மேலிடம் இசையவில்லை. மன்னர் மேல் பிழையே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. இருந்தது, ஆனால் அத்தனை தண்டனைக்கு உரியதன்று.

உடன்படிக்கைப்படி அவருக்குக் கிடைத்தது ஆண்டுக்கு ஒரு லட்சம் நட்சத்திர வராகன், அதாவது மூன்றரை லட்சம் ரூபாய். அதனோடு நாட்டின் நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கு. இதை ஓய்வூதியம் என்றே கூறிவிடலாம். அரண்மனை உண்டு, யானை குதிரை உண்டு, தசரா உண்டு. கையொப்பத்துக்கு மட்டும் மதிப்பில்லை. பெங்களூரில் 1834 முதல் கமிஷனர் மார்க் கப்பன் ஆண்டார். நேற்று வரை தம் வாயிலில் காத்திருந்தவர்கள் இன்று அங்கே காத்திருப்பதை மன்னர் காணவேண்டியிருந்தது. அலுவலகத்திலோ தொழிற்சாலையிலோ முப்பது ஆண்டு பணியாற்றி, ஒரு மாலையில் சந்தன மாலையும் சால்வையும் பெற்று வீடு திரும்பிய நம் உறுப்பினர்கள், மறுநாட்காலை எழுந்து எங்குச் செல்வது என அறியாமல் திண்ணையில் அமர்ந்த அந்த நிலையை நினைவு கூர்வார்களானால், இம்மன்னரின் நிலை விளங்கும். அவர்களுக்கோ அது அறுபதில், இவருக்கு முப்பத்தேழில்.

இந்நிலையில் மனிதர் மூவகையாவர். சிலர் கசந்து மாய்வர். சிலர் கிளர்ந்து அழிவர். கிளர்ந்து அழிந்தவர்க்கு எடுத்துக்காட்டு வேண்டின் வெகுதூரம் போகவேண்டா. நஞ்சன்கூட்டுக்கு அண்மையிலேயே களலே என்னும் ஊர் உள்ளது. மைசூரின் தளவாய்கள் அவ்வூர்க் குடியினர். தளவாய் தேவராஜர் 1735இல் கபினியின்மேல் கட்டிய பாலம் இன்றும் நிற்கிறது. வண்டிகளும் யானைகளும் சென்ற அப்பாலத்தின்மேல் பின்னாளில் தண்டவாளம் இட்டு ரயிலையும் ஓட்டினர். அகல ரயில்பாதைக்குப் புதிய பாலம் அமைந்த 2007ஆம் ஆண்டு வரை அது உழைத்தது. அவருடைய தம்பி நஞ்சராஜரோ வேறு வகை. திருச்சிராப்பள்ளியைத் தருவதாக ஆர்க்காட்டு முகம்மது அலி சொன்ன சொல்லை நம்பிப் படையோடு வந்து, ஏமாற்றப்பட்ட பின்னும் திரும்ப மனமின்றி 1755 வரை அக்கோட்டையைச் சுற்றிச் சுற்றி மைசூரின் செல்வத்தை அழித்தவர் அவர். அந்தப் படையெடுப்பில் சிறிய அதிகாரியாக இருந்து உயர்ந்த ஐதர் அலியே 1759இல் அவரை ஓய்வுக்கு அனுப்பினார். சில ஆண்டுக்குப் பின் மீண்டும் அரசியலில் கைவைக்க முனைந்து, காவலில் முடிந்தது அவர் வாழ்வு. நல்ல சிவபக்தர், கன்னடத்தில் நூல்கள் இயற்றியவர், அவர் பெயரால் நஞ்சராஜ யசோபூஷணம் என்றொரு வடமொழி அணியிலக்கண நூலே உண்டு. இத்தனை இருந்தும், விட்ட பதவியை விடத் தெரியாமற் போயிற்று.

கிருஷ்ணராஜர் மூன்றாம் வகை. கசக்கவும் இல்லை, கிளரவும் இல்லை. உரிமையையும் கைவிடவில்லை.

ஆட்சி போன இரண்டாம் ஆண்டே, 1833இல், மைசூரில் கட்டணமில்லா ஆங்கிலப் பள்ளி ஒன்றைத் தம் செலவில் தொடங்கினார். பின்னாளில் மகாராஜா கல்லூரியாக வளர்ந்தது அதுவே. நம் சங்க உறுப்பினர் பலரின் மக்களும் பேரரும் பயின்ற அக்கல்லூரியின் வேர், பதவியிழந்த ஒருவர் தம் ஓய்வூதியத்திலிருந்து நட்டது என்பதைப் பலர் அறியார்.

அரண்மனையில் கல்லச்சு இயந்திரம் அமைத்து நூல்கள் அச்சிட்டார். ஸ்ரீதத்துவநிதி என்னும் பெருநூல் அவர் காலத்தில் அவர் பெயரால் உருவாயிற்று. ஒன்பது நிதிகளாகப் பகுத்து, தெய்வ வடிவங்களையும் கோள்களையும் ஆகமச் செய்திகளையும் வண்ண ஓவியங்களோடு தொகுத்த நூல் அது. அதன் கடைசிப் பகுதியாகிய கௌதுக நிதியில் விளையாட்டுகளும் சீட்டாட்ட முறைகளும் நூற்றிருபத்திரண்டு யோகாசனங்களின் படங்களும் உள்ளன. மைசூர் யோகம் என்று உலகெங்கும் இன்று பேசப்படும் மரபின் வரலாற்றை ஆராய்வோர் இப்படங்களைத் தேடி வருகின்றனர்.

சதுரங்கத்தில் அவருக்கிருந்த ஈடுபாடு தனிக் கதை. குதிரையை அறுபத்து நான்கு கட்டங்களிலும் ஒவ்வொரு முறை மட்டும் நிறுத்தி, ஒன்றும் விடாமல் சுற்றி வரச் செய்யும் புதிர் ஒன்று உண்டு. அப்புதிருக்கு அவர் பல விடைகள் கண்டார். கணித விளையாட்டுகளின் வரலாற்றை எழுதிய மேனாட்டு அறிஞர்களும் அவர் பெயரைக் குறித்துள்ளனர். இதனை வீண் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவாரும் உளர். அக்காலத்து ஆங்கில அதிகாரிகளுள்ளும் அப்படி ஏளனம் செய்தவர் இருந்தனர். நாம் அக்கூட்டத்தில் சேரமாட்டோம். கையில் வேலை இல்லாத காலத்தில் மனத்துக்கு ஒரு வேலை தேடிக்கொள்வது எளிதன்று. தேடிக்கொண்டவர்களே நெடுநாள் தெளிவோடு வாழ்கின்றனர் என்பதை நம்மைச் சுற்றிலும் பார்க்கிறோம். நம் சங்கப் படிப்பகத்தில் குறுக்கெழுத்துப் புதிருக்காகவே காலையில் முதலில் வரும் பெரியவரை யாவரும் அறிவர்.

மேலும், அம்மன்னர் குதிரையை நகர்த்திக்கொண்டே வேறொரு பலகையையும் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பலகையில் எதிரே அமர்ந்திருந்தது கம்பெனித் துரைத்தனம்.

தம் அரசைத் திரும்பத் தரவேண்டும் என்று கவர்னர் ஜெனரல்களுக்கு அவர் இடைவிடாது எழுதினார். 1844இல் ஹார்டிஞ்சு பிரபுவின் காலத்தில் எழுதினார். டல்ஹௌசி பிரபுவுக்கு எழுதினார். 1857ஆம் ஆண்டுப் பெருங்கிளர்ச்சியின்போது மைசூரை அமைதியாக வைத்திருக்க உதவினார். (இது குறித்து அவரைப் பழிப்பார் பழிக்கட்டும், நாம் அவருடைய முதுமையைப் பற்றியே பேசுகிறோம்.) 1860இல் மைசூரைச் சென்னை அரசாங்கத்தின் கீழ் மாற்ற ஆணை வந்தபோது வன்மையாக மறுத்தார். கப்பனும் பதவி விலக முன்வந்தார். ஆணை திரும்பப் பெறப்பட்டது. ஒரு காலத்தில் இருவரும் மனத்தாங்கலோடு இருந்தவர்கள் என்பதை இங்கே கருதவேண்டும். 1861இல் கானிங் பிரபுவுக்கு மன்னர் விரிவான விண்ணப்பம் அனுப்பினார். மறுக்கப்பட்டது. எல்ஜின் பிரபுவும் மறுத்தார். லாரன்சும் மறுத்தார். தமக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் கேம்பல் என்பவரைத் தம் காரியத்தராக லண்டனில் வைத்து வழக்கை அங்கும் நடத்தினார்.

இத்தனை விழிப்புடையவர் ஒரு காரியத்தில் மட்டும் ஏன் காலம் தாழ்த்தினார் என்பதை எண்ணும்தோறும் நமக்கு வியப்பும் அச்சமும் ஒருங்கே எழுகின்றன. பட்டத்துக்குரிய மைந்தர் அவருக்கு இல்லை. வாரிசில்லாத அரசுகளைக் கைப்பற்றும் கொள்கை டல்ஹௌசியின் காலத்தில் கொடிகட்டிப் பறந்தது. 1848இல் சதாரா போயிற்று. 1854இல் ஜான்சியும் நாகபுரியும் போயின. அடுத்தது மைசூர் என்று டல்ஹௌசியே எழுதி வைத்தார். வயதான மன்னர் இறந்ததும் நாடு தானாக வந்து சேரும் என்பது அவர் கணக்கு. சிப்பாய்க் கிளர்ச்சிக்குப் பின் கொள்கை மாறி, தத்தெடுக்கும் உரிமையைச் சுதேச மன்னர்களுக்கெல்லாம் சாசனமாக வழங்கியபோது, மைசூருக்கு மட்டும் அச்சாசனம் வரவில்லை. அப்போதும் மன்னர் தத்தெடுக்கவில்லை. அறுபத்தைந்து, அறுபத்தெட்டு, எழுபது என வயது ஏறிக்கொண்டிருந்தது. இரவில் ஒரு மாரடைப்பு நேர்ந்திருந்தால், அவ்வளவே. இன்று நாம் மைசூர் சமஸ்தானம் என்று ஒன்றைப் பற்றிப் பேசியிருக்கமாட்டோம்.

ஏன் தாழ்த்தினார்? தம் ஆட்சியைத் தாமே மீட்டுப் பின் வாரிசைக் குறிப்பது முறை என்று எண்ணினார் போலும். வாரிசைக் குறிப்பது தம் முடிவை ஒப்புக்கொள்வது ஆகிவிடும் என்ற கூச்சமும் இருந்திருக்கலாம். உயிலை எழுதினால் உயிர் போய்விடும் என்று நம்புகிறவர்கள் நம்மிடையே இல்லையா?

நம் அனுபவத்தில் ஒன்று சொல்லுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் நம் சங்கத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர் மறைந்தார். பெயர் வேண்டா. நாற்பதாண்டு உழைத்துக் கட்டிய வீடு; மூன்று மக்கள்; ஒருவர் இங்கே, ஒருவர் கோவையில், ஒருவர் கடல் கடந்து. வங்கிக் கணக்கில் நியமனதாரராக ஒருவர் பெயரை எழுதி வைத்ததோடு தம் கடமை முடிந்தது என்று அவர் நம்பியிருந்தார். நியமனதாரர் பணத்தைப் பெற்றுக்கொள்ளத்தான் உரியவர். அதற்கு உடையவர் ஆகிவிடமாட்டார் என்ற சட்ட நுட்பத்தை அவரும் அறியார், மக்களும் அறியார். உயில் இல்லை. மக்கள் மூவரும் நல்லவர்களே. ஆயினும் தந்தையின் முதல் திதிக்கு மூவரும் மூன்று ஊரில் தனித்தனியே பிண்டம் வைத்தனர். அம்மையார் எந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போவது என்பது வழக்கறிஞரின் கடிதத்தால் முடிவாயிற்று. இரண்டு சாட்சிகளின் கையொப்பத்தோடு ஒரு தாள் எழுதி வைத்திருந்தால் போதும். அதைப் பதிவு செய்வதுகூடக் கட்டாயமன்று.

மாறாக, இருந்ததையெல்லாம் முன்னதாகவே தானபத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு, கொடுத்த வீட்டின் பின்கட்டில் விருந்தாளிபோல் இருப்பவர்களையும் அறிவோம். அவர்களுக்காகவே 2007ஆம் ஆண்டுப் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் ஒரு பிரிவு வைத்தனர்: பராமரிக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, பராமரிக்கத் தவறினால் மீட்கலாம். ஆனால் அந்நிபந்தனையைப் பத்திரத்தில் எழுதச் சொல்ல நம்மவர்க்கு நாக்கு எழுவதில்லை. பெற்ற பிள்ளையிடம் நிபந்தனையா என்று கேட்கிறார்கள். மும்மடி கிருஷ்ணராஜர் உலகின் மிகப் பெரிய வல்லரசிடமே உடன்படிக்கையின் பிரிவுகளை எடுத்துக் காட்டி முப்பத்தாறு ஆண்டு வாதாடினார். தம் பங்கு ஐந்தில் ஒன்று என எழுத்தில் இருந்ததனால்தான் அவருடைய அடுப்பு எரிந்தது.

கதைக்குத் திரும்புவோம். 1865ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் நாள், எழுபத்தோராம் வயது நிறைவதற்குச் சில வாரங்களே இருந்தபோது, மன்னர் ஒருவழியாக முடிவு செய்தார். அரச குலத்தின் பெட்டதகோட்டைக் கிளையில் பிறந்த இரண்டு வயதுக் குழந்தை சாமராஜேந்திரரைத் தத்தெடுத்தார். யாருடைய அனுமதிக்கும் காத்திருக்கவில்லை. சாத்திரப்படி எனக்குரிய உரிமை இது. செய்துவிட்டேன் என்று தெரிவித்தார். அவருடைய சொந்தச் சொத்துக்கு மட்டுமே அத்தத்து செல்லும், நாட்டுக்குச் செல்லாது என்று இந்திய அரசாங்கம் பதில் அனுப்பியது. வேறொருவர் ஆயின் அங்கே சோர்ந்திருப்பார். இவரோ லண்டனிலிருந்த நண்பர்களைத் தூண்டினார். ஈவான்ஸ் பெல் என்ற முன்னாள் படைத்தலைவர் மைசூரின் பக்கம் நின்று நூலே எழுதினார். நாடாளுமன்றத்துக்கு விண்ணப்பங்கள் சென்றன. 1867 ஏப்ரலில் மந்திரி நார்த்கோட்டு தீர்ப்பை மாற்றினார்: தத்து ஏற்கப்படும், மன்னரின் காலத்துக்குப் பின் அக்குழந்தையே நாட்டுக்கு உரியவர், உரிய வயது வந்தபின் ஆட்சி ஒப்படைக்கப்படும்.

செய்தி வந்து ஓராண்டு நிரம்புமுன் மன்னர் மறைந்தார். ஆட்சி அவர் கைக்கு மீளவில்லை. அவர் விரும்பியதும் அவர் பெற்றதும் ஒன்றல்ல. எனினும் பெற்றது சிறிதன்று.

அவர் வைத்துச் சென்றவற்றுள் கடனும் உண்டு என்பதை மறைக்கலாகாது. கொடை கொடுத்துக் கொடுத்து முற்பாதியில் வந்த பழக்கம் பிற்பாதியிலும் போகவில்லை. அரண்மனைக்கு வந்த கடன்காரர்களின் உரிமைகளைத் தீர்த்து வைக்க மேஜர் எலியட்டு என்னும் அதிகாரியை நியமித்தனர். அவருக்குத் துணையாகச் சென்னையிலிருந்து ஒரு தமிழர் வரவழைக்கப்பட்டார். செங்கற்பட்டு மாவட்டத்தில் பிறந்த சி. வி. ரங்காசார்லு அவர். பிறந்த ஆண்டு 1831! மன்னர் அரசிழந்த அதே ஆண்டில் பிறந்தவர், அவ்வரசைத் திரும்பப் பெறும் வேலைக்கு வந்து சேர்ந்தார். அரண்மனைச் செலவை ஒழுங்குபடுத்தினார். சமஸ்தானத்தின் கணக்கைச் சீர்செய்தார். 1881இல் முதல் திவானாகவும் ஆனார். இந்தியச் சமஸ்தானங்களில் முதன்முதலாக மக்கள் பிரதிநிதி சபை அவ்வாண்டு அக்டோபரில் 144 உறுப்பினரோடு மைசூரில் கூடியது அவர் செயலே. இரண்டு ஆண்டுகூட அப்பதவியில் அவர் இருக்கவில்லை. 1883 ஜனவரியில் மறைந்தார். ஆனால் 1868இலேயே தம்மோடு அழைத்து வந்து பழக்கிய கே. சேஷாத்திரி ஐயர் பொறுப்பேற்கத் தயாராக இருந்தார். பாலக்காட்டுத் தமிழரான அவர் 1901 வரை பதினெட்டு ஆண்டு திவானாக இருந்து, சிவசமுத்திர மின்நிலையம் வரை கொண்டு சென்றார். மைசூர் நகரமன்றத்துக்கு ரங்காசார்லுவின் பெயர் இருப்பதை அங்கே கூட்டம் நடத்தும் நம்மவர்கள் கவனித்திருப்பார்கள்.

மன்னர் தம் இறுதிக் காலத்தில் எழுப்பிய ஜகன்மோகன அரண்மனை 1861இல் முடிந்தது. அதன் சுவர்களில் தசரா ஊர்வலமும் மன்னர் வகுத்த விளையாட்டுப் பலகைகளும் தீட்டப்பட்டுள்ளன. தாமரை வடிவில் தம் குடும்பத்தினர் அனைவரையும் இதழ் இதழாகக் குறித்து வைத்த சந்தானாம்புஜம் என்னும் ஓவியமும் அங்கு உண்டு. யார் யாருக்கு என்ன உறவு என்ற தகராறு நேராதபடி ஒரு குடும்பத்தின் வரிசையைச் சுவரிலேயே எழுதி வைத்த மனிதரை நாம் வேறெங்கும் கண்டதில்லை. நம் வீடுகளில் பாட்டனாரின் தந்தை பெயரைச் சொல்லப் பேரனுக்குத் தெரிவதில்லை. இங்கே பிறந்த குழந்தைகளுக்குச் சொந்த ஊரின் பெயரே தெரிவதில்லை. இதைச் சொல்லும்போது நம்மையும் சேர்த்தே சொல்லிக்கொள்கிறோம்.

குழந்தை சாமராஜேந்திரர் 1868 செப்டம்பரில் பட்டமேறினார். 1876 முதல் 1878 வரை நாட்டை வாட்டிய பெரும் பஞ்சம் கழிந்தது. கம்பெனிக் காலத்தில் இருபத்து நான்கரை லட்சமாக இருந்த கப்பத்தை முப்பத்தைந்து லட்சமாக உயர்த்த வேண்டும் என்ற கடுமையான நிபந்தனையோடுதான் ஆங்கிலேயர் நாட்டைத் திருப்பித் தந்தனர். பதினெட்டு வயது இளைஞர் கையில் ஆட்சி ஒப்படைக்கப்பட்ட நாள் 1881ஆம் ஆண்டு மார்ச் 25. கிழவர் மறைந்து பதின்மூன்று ஆண்டு நிறைய இரண்டு நாட்களே இருந்தன.

ஆண்டு விழா முடிந்த அடுத்த ஞாயிறன்று சங்கத்தின் மூத்தோர் சிலர் நஞ்சன்கூடு செல்வதென ஏற்பாடாகி இருக்கிறது. காலை வண்டியில் புறப்பட்டு, கபினியில் நீராடி, பழைய பாலத்தையும் பார்த்துக்கொண்டு, உச்சிக்கால பூசைக்குள் கோயிலை அடைவது திட்டம். மன்னரின் சிலையைக் காண விரும்புவோர் அறுபத்துமூவர் வரிசையைப் பார்த்துக்கொண்டே சுற்றி வரவேண்டும். அவசரப்பட்டால் தவறவிட்டுவிடுவீர்கள். அடியவர்களைப் போலவே அவரும் கைகூப்பி நிற்கிறார். அருகே அவருடைய அரசியர்.